கேன் காலியாத்தான் போச்சு

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுறீகளா தாயி? காத்துன்னு பேருக்கு வருது பாருங்க, கொதிக்கிற உலையைத் தெறந்து மூஞ்சிக்கு நேரா பிடிச்ச மாதிரி. ஆங், போதும் போதும். நீங்க முதுகுளத்தூர் வரைக்குமா? நான் அதுக்கு முன்னாடியே கருங்கனேந்தல் விலக்குல எறங்கிருவேன். டீச்சரா இருப்பீக. பாத்தாலே தெரியுது, பையில அத்தனை பேப்பர் வச்சிருக்கீக. திருத்துங்க, திருத்துங்க. திருத்திக்கிட்டே காதை மட்டும் இங்கிட்டுக் குடுங்க. எனக்கு இன்னைக்கு யாருகிட்டயாவது பேசணும். தெரிஞ்சவுககிட்டப் பேச முடியாது. நான் சொன்னது பொய்யா இல்லையான்னு படிச்சவுக நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

என் பேரு பஞ்சவர்ணம். எங்க ஊருக்குத் தெக்க கண்ணாடிக்காடு இருக்குல்ல, வெயிலை வச்சுக் கரண்டு எடுக்கிற இடம், அங்க ஆறு வருசமா வேலை. பதினாலு பொம்பளைக, நான்தான் லீடரு. ஆபீஸ்ல "பஞ்சவர்ணம் கேங்"குனு எழுதியே வச்சிருக்காக. முன்னாடி அது பூராம் கருவேலங்காடு. விறகு வெட்ட நாங்க போன காடுதான். அதை வேரோட பிடுங்கிட்டு, கண்ணுக்கெட்டுன தூரம் கண்ணாடிப் பலகையா நட்டுட்டாக. வெள்ளன ஆறு மணிக்கு ஆரம்பிச்சு பத்து மணி வரைக்கும் கண்ணாடி கழுவணும். அதுக்கு மேல கண்ணாடி கொதிச்சிரும், தண்ணி பட்டா விரிசல் விட்டுருமாம். அப்புறம் அதுக்கு அடியில போயி மூணு மணி வரைக்கும் புல்லு வெட்டணும். மேல இருக்கிற கண்ணாடிக்கு ஆகாத வெயிலு, அடியில குனிஞ்சிருக்கிற எங்களுக்கு ஆகும்.

குறை சொல்லலை தாயி. சம்பளம் ஒழுங்கா வருது. தொப்பி குடுத்தாக, பூட்ஸ் குடுத்தாக, சேலைக்கு மேல போட்டுக்கிற முழுக்கை சட்டை குடுத்தாக. நூறு நாள் வேலைக்குப் போறவளுக எங்களைப் பாத்து வயிறெரிவாளுக.

சேப்டி சாருன்னு ஒருத்தரு. வயசு சின்னதுதான், கோயம்புத்தூர்ப் பக்கம். நல்ல புள்ளை. தினமும் காலையில வரிசையா நிக்க வச்சு ஒரு அட்டையைப் பாத்து வாசிப்பாரு. "தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே தண்ணி குடிக்கணும். இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை குடிக்கணும். தலை சுத்துனா, வேர்வை நின்னு போனா, உடனே சொல்லணும்." நாங்க பதினாலு பேரும் ஒரே கொரல்ல "சரி சார்"னு சொல்லுவோம். எனக்கு அந்த அட்டை மனப்பாடம். அவரு லீவு போட்டா நானே சொல்லுவேன், ஒரு வார்த்தை பிசகாது.

ஆனா குடிச்சா எங்க போறது? அதை அட்டையில போடலையே.

கேட்டுக்குப் பக்கத்துல ஆபீஸ். அங்க ஒரு கக்கூஸ் இருக்கு. நாங்க வேலை பாக்கிற வரிசையில இருந்து ரெண்டு கிலோமீட்டரு. சாவி வாட்ச்மேன் கையில. அவன்கிட்டப் போயி நின்னு "சாவி குடுப்பா"ன்னு கேட்டா, ஏற எறங்கப் பாத்துட்டுத்தான் எடுப்பான். கருவேலங்காடா இருந்தப்போ இந்தக் கவலையெல்லாம் உண்டா? ஒரு புதரு பத்தாது? இப்ப அங்க ஒரு செடி கிடையாது. கண்ணாடிக்கு அடியில ஒக்காந்தா இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் தெரியும். போதாக்குறைக்குக் கம்பத்துக்குக் கம்பம் கேமரா. பலகையை எவனாச்சும் களவாண்டுருவான்னு.

முத வருசம் நாகவள்ளின்னு ஒரு புள்ளை, அப்பத்தான் கல்யாணமாகி வந்தவ. அடக்க முடியாம ஒரு ஓரமாப் போயி ஒதுங்கியிருக்கா. கேமரா ரூம்ல இருந்த பயலுக பாத்துட்டானுக. பாத்துட்டுப் பேசாமயாச்சும் இருந்தானுகளா? சாயங்காலம் வேன்ல ஏறுறோம், ஒருத்தன் அவளைப் பாத்து விசிலடிக்கிறான், இன்னொருத்தன் கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். அந்தப் புள்ளை மறுநாள் வேலைக்கு வரலை. அவ புருசன் காதுக்கு எப்படியோ விசயம் போயி, அடிச்சு அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிட்டான். நான் ஆபீஸுக்குப் போயி கத்துனேன். "விசாரிக்கிறோம்மா, உங்களுக்குன்னு தனியா ஒண்ணு வரப்போகுது"ன்னாக. அஞ்சு வருசமா வந்துக்கிட்டே இருக்கு.

அன்னைக்குத்தான் நான் முடிவு பண்ணேன். என்னை நம்பி வர்ற பொம்பளைக மானத்துக்கு நான்தான் பொறுப்பு. காலையில வேன் ஏறுறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு சொம்பு குடிச்சுட்டு, போக வேண்டியதைப் போயிட்டு வந்திரணும். அதோட சரி. சாயங்காலம் மூணு மணிக்கு வேலை முடியிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. நாக்கு வறண்டா ஒரு துண்டு புளியில கல்லு உப்பை வச்சு உருட்டி, கடைவாயில அடக்கிக்கணும். எச்சி ஊறிக்கிட்டே இருக்கும், தாகம் தெரியாது. தெனமும் உருண்டையை நானே உருட்டிக் கொண்டு போவேன், ஆளுக்கு ரெண்டு. புதுசா வர்றவளுகளுக்கு ஒரு வாரம் கஷ்டமா இருக்கும். அப்புறம் உடம்பு பழகிரும். உடம்பு நாம சொல்ற பேச்சைக் கேக்கும் தாயி, ஆம்பளைகதான் கேக்க மாட்டானுக.

ஆறு வருசத்துல, அந்த நாகவள்ளிக்குப் பெறகு, என் கேங்குல ஒருத்திக்கு ஒரு கெட்ட பேரு வந்தது கிடையாது. இதை யாராச்சும் சொல்றாகளா? சொல்ல மாட்டாக.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. தெனமும் எங்களுக்குன்னு ரெண்டு கேன் தண்ணி வரும். குடிக்கிற தண்ணி, இருபது லிட்டர் கேன். ஒருநா சாயங்காலம் சேப்டி சாரு வந்து பாக்குறாரு, ரெண்டும் சீல் ஒடைக்காம இருக்கு. அவருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "ஏம்மா, இந்த வெயில்ல தண்ணி குடிக்காம என்னம்மா பண்றீங்க? தலைக்கு எத்தனை லிட்டர்னு நான் மெட்ராஸுக்கு ரிப்போர்ட் அனுப்பணும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் வேலை போயிரும்"ங்கிறாரு. பாவமா இருந்துச்சு. ஒரு ஆம்பளைப் புள்ளைகிட்ட நான் என்னத்தைச் சொல்லி வெளக்குறது? மறுநாள்ல இருந்து மூணு மணிக்கு ரெண்டு கேனையும் தெறந்து நானே வேலியோரம் ஊத்திருவேன். காலிக் கேனை வேன்ல ஏத்திருவேன். அவருக்கும் சந்தோசம், எங்களுக்கும் தொல்லை இல்லை. ஊத்துன எடத்துல புல்லு முழங்கால் ஒசரத்துக்கு வளரும். அதையும் நாங்களேதான் வெட்டுவோம்.

சிரிக்காதீக தாயி. சிரிக்கிற கதை இல்லை இது.

தங்கப்பேச்சின்னு ஒருத்தி. என் கேங்குல எனக்கு ரொம்பப் பிடிச்சவ. முப்பத்தோரு வயசு, ரெண்டு பொம்பளைப் புள்ளைக. புருசன் வேல்ச்சாமி, ஆடு மேய்க்கிறான், தங்கமான பய, எனக்குத் தம்பி மொறை. அவ என்னை மதினி மதினின்னுதான் கூப்பிடுவா. நான் ஒரு வார்த்தை சொன்னா மறு வார்த்தை பேச மாட்டா. மத்தவளுக நான் பாக்காதப்போ கண்ணாடி கழுவுற தண்ணியில ஒரு வாய் நனைச்சுக்கிருவாளுக, எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பாளுக. இவ அப்படிக் கிடையாது. மூணு மணின்னா மூணு மணிதான்.

பங்குனியில ஒருநா எங்கிட்ட வந்து ரகசியமா சொன்னா. "மதினி, ஒண்ணுக்குப் போனா எரியுது. நெறமும் கட்டன் காப்பி மாதிரி வருது." நான் என்ன சொன்னேன்? "வெயிலு காலத்துல எல்லாருக்கும் உள்ளதுதான்டி, நீர்க்கடுப்பு. வீட்டுக்குப் போயி வெந்தயத்தை ஊறப் போட்டுக் குடி." இதைத்தானே எங்க ஆத்தா எனக்குச் சொன்னாக, இதைத்தானே நான் சொல்ல முடியும்? ஆஸ்பத்திரிக்குப் போடின்னும் சொன்னேன். சொன்ன மாதிரித்தான் நெனைவு.

அப்புறம் கத்திரி வந்துச்சு. இந்த வருசக் கத்திரி உங்களுக்கே தெரியும். காக்கா கூட வெளிய வரலை. அன்னைக்குப் பன்னெண்டு, பன்னெண்டரை இருக்கும். கண்ணாடிக்கு அடியில எல்லாரும் குனிஞ்சு வெட்டிக்கிட்டிருக்கோம். எங்களுக்கெல்லாம் சட்டை தொப்பலா நனைஞ்சு முதுகோட ஒட்டிக் கிடக்கு. திரும்பிப் பாக்குறேன், தங்கப்பேச்சி சட்டை மட்டும் காஞ்சு மொடமொடன்னு இருக்கு. மூஞ்சியில ஒரு பொட்டு வேர்வை இல்லை. செவசெவன்னு இருக்கா. நான் மத்தவளுககிட்ட என்ன சொன்னேன் தெரியுமா?

"பாருங்கடி, இவளைப் பாத்துக் கத்துக்கோங்க. ஒரு சொட்டு வேர்வை இல்லை. பழக்குனா உடம்பு இப்படித்தான் பழகும்"னேன்.

அவ என்னைப் பாத்துச் சிரிச்சா. அப்புறம் அருவாளைக் கீழ போட்டுட்டு, "ஏ, ஆட்டைப் பத்திவிடு, ஆட்டைப் பத்திவிடு, கண்ணாடிமேல ஏறுது"ன்னு கத்துறா. வெளையாடுறான்னு எல்லாளும் சிரிச்சாளுக. நானும்தான் சிரிச்சேன். ரெண்டு எட்டு வச்சா. அப்படியே மரக்கட்டை மாதிரி சாஞ்சிட்டா.

தொட்டா அடுப்புல கிடந்த தோசைக்கல்லு. நான் ஓடிப் போயி கேனைத் தூக்கிட்டு வந்து சீலை ஒடைச்சு, முழுக் கேனையும் அவ தலையில ஊத்துனேன். வாயில விட்டா, பல்லு கிட்டிருச்சு, எல்லாம் வெளிய வழியுது. வேன் வர்றதுக்கு இருபது நிமிசம் ஆச்சு. வேன்ல என் மடியில கிடந்தவ நடுவழியில லேசாக் கண்ணைத் தெறந்தா. தெறந்து என்னத்தைக் கேக்குறா தெரியுமா? "மதினி, ஒதுங்கணும் போல இருக்கு. யாரும் பாக்குறாகளா?" யாரும் பாக்கலைடி, போயிருன்னேன். ஒண்ணும் வரலை தாயி. உடம்புல இருந்தாத்தானே வரும்.

உசுரு பொழைச்சிருச்சு. கடவுள் புண்ணியம். ஆனா ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு நாளு ஆஸ்பத்திரியில மெஷின்ல போட்டு ரத்தத்தைக் கழுவி விடுறாக. போன வாரம் பாக்கப் போயிருந்தேன். கையெல்லாம் ஊதிப் போயி, ஆளே அடையாளம் இல்லை. வேல்ச்சாமி மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டு வெளிய போயிருந்தான். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மதினி, ஒரு மடக்கு தண்ணி"ங்கிறா. சொம்பை எடுத்தேன். நர்ஸம்மா ஓடி வந்து பிடுங்கிட்டாக. ஒரு நாளைக்கு இத்தனைதான்னு அளவு வச்சிருக்காகளாம். கிட்னி வேலை செய்யலைல, குடிக்கிற தண்ணி வெளிய போக வழியில்லையாம், நெஞ்சுல போயி ஏறிக்கிருமாம். இனிமே அவ ஆயுசுக்கும் அப்படித்தானாம்.

நர்ஸம்மா அங்கிட்டுப் போனதும் தங்கப்பேச்சி மெதுவாக் கேக்குறா, "மணி என்ன மதினி?"

ரெண்டு ஆகுதுன்னேன். "அப்ப இன்னும் ஒரு மணி நேரம்"னா. அவளுக்கு நெனைவு தப்பித் தப்பித்தான் வருது. நான் எந்திரிச்சு வந்துட்டேன். எனக்கு அங்க உக்கார முடியலை.

சரி, விசயத்துக்கு வர்றேன். வேல்ச்சாமி நட்டஈடு கேட்டு லேபர் ஆபீஸுல எழுதிப் போட்டிருக்கான். வெயில்ல வேலை பாத்துத்தான் இப்படி ஆச்சுன்னு. குடுக்காட்டி அவனால அவளை அந்த மெஷினுக்குக் கூட்டியாந்து கூட்டிட்டுப் போக முடியாது. ஆட்டை வித்துட்டான். கம்பெனிக்காரவுக என்ன சொல்றாகன்னா, இவளுக்கு முன்னாடியே கிட்னியில கோளாறு இருந்திருக்கு, எங்க எடத்துல தண்ணிக்குக் கொறைவே இல்லை, தெனமும் ரெண்டு கேன் குடிச்சு முடிச்சிருக்காக, ரிப்போர்ட் இருக்குங்கிறாக. அதுக்கு யாரு சாட்சி? லீடரு சாட்சி. இன்னைக்கு விசாரணை. அங்க போயிட்டுத்தான் வர்றேன்.

காலையில சேப்டி சாரு பைக்ல வீட்டுக்கே வந்துட்டாரு. பாவம், அவருக்கும் தூக்கம் இல்லை போல, கண்ணு சிவந்து கிடக்கு. "அக்கா, பொய் சொல்ல வேணாம். கேன் தெனமும் காலியா வந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க"ன்னாரு. அப்புறம், வெளியூர்ல இருந்து கண்ணாடி தொடைக்கிற மெஷின் வந்திருக்கு, ஆளே வேணாமாம், மேல அதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காக, நான்தான் உங்க கேங்கு இருக்கட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்னாரு. மெரட்டலை. அந்தப் புள்ளைக்கு மெரட்டத் தெரியாது.

பதினாலு குடும்பம் தாயி. இப்ப பதிமூணு.

விசாரணை பண்ண ஒரு ஆபீசரம்மா உக்காந்திருந்தாக, உங்க வயசுதான் இருக்கும். சேப்டி சாரு எனக்குப் பின்னாடி நிக்கிறாரு. வேல்ச்சாமியை வெளிய உக்கார வச்சிருந்தாக. "தண்ணி குடுத்தாகளா?" குடுத்தாகன்னேன். "எவ்வளவு?" ரெண்டு கேனுன்னேன். "சாயங்காலம் கேன் எப்படி இருக்கும்?" காலியாத்தான் போகும்னேன். இதுல எது பொய்? சொல்லுங்க. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? எனக்கு என்ன பயம்?

அந்தம்மா எழுதுறதை நிறுத்திட்டு என்னையே பாத்தாக. பேனாவைக் கீழ வச்சுட்டாக. கொரலைத் தணிச்சு, ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளைகிட்டக் கேக்கிற மாதிரி கேட்டாக. "ஏம்மா, அங்க நீங்கள்லாம் ஒதுங்கணும்னா எங்க போவீங்க?"

தாயி, ஆறு வருசத்துல அந்தக் கேள்வியை யாரும் கேட்டது கிடையாது. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துருச்சு. நாகவள்ளி, விசிலு, புளி உருண்டை, வேலியோரத்துப் புல்லு, எல்லாம் வந்து நிக்குது. சொல்லிட்டா என்ன ஆகும்? குடிக்காதேன்னு சொன்னவ யாருன்னு கேப்பாக. ஊத்துனது யாருன்னு கேப்பாக. கக்கூஸ் கட்டாதவன் தப்பிச்சுக்கிருவான், பஞ்சவர்ணம்தான் காரணம்னு ஊரே சொல்லும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். நானா அவ கிட்னியை எடுத்தேன்? அவளுகளைக் காப்பாத்தத்தானே செஞ்சேன்?

"ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்துல கக்கூஸ் இருக்கும்மா. பக்கந்தான்"னேன்.

அந்தம்மா பேனாவைத் திருப்பி எடுத்தாக. நான் சொன்னதை எழுதுனாக. கையெழுத்துப் போடச் சொன்னாக, போட்டேன்.

வெளிய வந்தா வேல்ச்சாமி எந்திரிச்சு ஓடி வர்றான். நான் என்ன சொன்னேன்னு அவன் கேக்கலை தாயி. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். "அக்கா, நீங்க வந்து சொன்னதே போதும். நீங்க இருக்கீகங்கிற தைரியத்துலதான் நான் மனுவே போட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்ல உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா"ன்னு சொல்லி அழுகுறான். நடு ரோட்டுல, ஆம்பளை. அழுதுட்டு, "வெயில்ல வந்திருக்கீக, இருங்க"ன்னு எதிர்த்தாப்புல இருந்த சர்பத் கடைக்கு ஓடுனான்.

நன்னாரி சர்பத். பெரிய கிளாசு, ஐஸ் போட்டு. அவனுக்கு வாங்கிக்கலை. என் கையில குடுத்துட்டு, நான் குடிக்கிறதையே பாத்துக்கிட்டு நிக்கிறான். வேணாம்னு சொல்லியிருக்கலாம். கீழ வச்சிருக்கலாம். நான் அந்த கிளாசை வாயில வச்சவ எடுக்கலை தாயி. அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சேன்.

"இன்னொரு கிளாசு சொல்லவா அக்கா?"ன்னான்.

சொல்லுன்னேன்.